தரைவிரிப்பு லினோவும் அச்சுக்கான லினோவும்: ஒரு கேள்விக்கு விரிவான பதில்

உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. தரம் 10இல் படிக்கும் மகள் சித்திரப் பாடத்துக்கு லினோ அச்சு, அதாவது லினோத் துண்டில் படத்தைச் செதுக்கி, மை பூசித் தாளில் பதிப்பது, செய்ய வேண்டும். புறக்கோட்டையில் தரைவிரிப்பு விற்கும் கடையொன்றில் ‘லினோ’ என்று கேட்டு ஒரு துண்டு வாங்கி வந்தீர்கள். கத்தி வைத்தால் இழுபடுகிறது, பூசிய போஸ்டர் கலர் முத்து முத்தாகத் திரண்டு நிற்கிறது. கூடவே, கோடு கோடாக வெட்டுவதால் ‘லைன்’ என்ற சொல்லிலிருந்து லினோ வந்ததா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்வியைச் சும்மா ஒரு ஆர்வத்துக்காகத்தான் சேர்த்திருப்பீர்கள். ஆனால் மற்ற இரண்டுக்கும் வழி அதற்குள்ளேதான் இருக்கிறது, அதனால் அதையே முதலில் எடுக்கிறேன்.

லினோ என்பது லினோலியத்தின் சுருக்கம். லத்தீனில் லினும் என்றால் ஆளிச் செடி, ஓலியம் என்றால் எண்ணெய். ஆக, வெட்டும் கோட்டுக்கும் இந்தப் பெயருக்கும் நேரடித் தொடர்பு இல்லை. தூரத்து உறவு ஒன்று உண்டு: ஆங்கிலத்தின் லைன் என்ற சொல்லும் ஆளி நாரில் திரித்த நூலைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். லினன் துணியும் அதே குடும்பம். உங்கள் ஊகம் பிழை, ஆனால் முழுப் பிழை இல்லை.

பெயரை வைத்தவர் ஃபிரெடெரிக் வோல்டன் என்ற ஆங்கிலேயர். திறந்து வைத்த எண்ணெய் வர்ண டின்னில் மேலே ஒரு தோல் படிந்திருப்பதைக் கவனித்தார், அது இறப்பர் போல வளைந்ததால் இறப்பருக்குப் பதிலாக அதைப் பயன்படுத்தலாம் என்று நினைத்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. கதையைக் கதையாகவே வைத்துக்கொள்ளலாம். உறுதியானது, 1863இல் அவர் எடுத்த காப்புரிமை. அப்போது சந்தையில் கம்ப்டூலிகன் என்று இறப்பரும் தக்கைத் தூளும் கலந்த ஒரு தரைவிரிப்பு இருந்தது. வோல்டன் தன் பொருளுக்கு முதலில் கம்ப்டிகன் என்று பெயர் வைத்தார், ஏறக்குறைய அதே பெயர். பிறகுதான் லினோலியம் என்று மாற்றினார். இலண்டனுக்கு மேற்கே ஸ்டெயின்ஸ் என்ற ஊரில் தொழிற்சாலை வந்தது. காப்புரிமைக் காலம் முடிந்ததும் ஸ்கொட்லாந்தின் கெர்கோடியில் இருந்த நெய்ர்ன் நிறுவனம் தன் தரைவிரிப்பையும் லினோலியம் என்ற பெயரிலேயே விற்கத் தொடங்கியது. வோல்டனின் நிறுவனம் வழக்குப் போட்டு 1878இல் தோற்றது. அந்தச் சொல் ஒரு நிறுவனத்தின் பெயராக இல்லாமல் பொருளின் பெயராகவே ஆகிவிட்டது என்பது தீர்ப்பின் சாரம். அன்று எல்லாருக்கும் பொதுவாகிப்போன பெயரை இன்று தரையில் விரிக்கிற எந்தச் சுருளுக்கும் வைத்துவிடுகிறார்கள். நீங்கள் ஏமாந்ததும் இந்த இடத்தில்தான். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, எங்கள் ஊர் வழக்கில் அதுவும் லினோதான்.

உண்மையான லினோலியம் எப்படி ஆகிறது என்று தெரிந்தால் மீதி விளங்கும். ஆளி விதை எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலெனிக் அமிலம் என்ற கொழுப்பமிலம் இருக்கிறது. அது காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியாகும். தேங்காய் எண்ணெய் இப்படிக் கெட்டியாகாது. அதில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு, ஒட்சிசன் பிடித்துக்கொள்ள அதில் இடமே இல்லை. போத்தலில் ஒரு வருடம் வைத்தால் சிக்கு நாற்றம் வரும், தோல் படியாது. வோல்டன் செய்தது, உயரமான கொட்டகைகளில் துணிகளைத் தொங்கவிட்டு அவற்றின் மேல் எண்ணெயைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு வாரக்கணக்கில் தடிப்பேற்றியது. அந்தத் தடித்த எண்ணெயைக் குங்கிலியம் போன்ற பிசினோடு உருக்கி, தக்கைத் தூளும் மரத்தூளும் சேர்த்துப் பிசைந்து, சணல் துணியின் மேல் அழுத்தித் தேய்த்தால் லினோலியம். இப்போதைய தயாரிப்பில் சுண்ணாம்புக்கல் பொடியும் சேர்கிறது. கெட்டியான எண்ணெய், தூள், பின்னால் சணல்: இவ்வளவுதான் பொருள். மரத்துக்கு உள்ள இழையோட்டம் இதற்கு இல்லாததால் உளி எந்தத் திசையில் போனாலும் ஒரே மாதிரி வெட்டும். அச்சுக் கலைஞர்கள் இதன் பக்கம் வந்ததற்கு அதுதான் காரணம், மலிவு என்பது இரண்டாவது.

இனி உங்கள் துண்டு. கையில் எடுத்துப் பார்க்காமல் நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொன்ன அறிகுறிகள் இரண்டும் வைனல், அதாவது பீ.வீ.சீ. விரிப்புக்கு உரியவை. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். புரட்டிப் பாருங்கள்: லினோலியம் என்றால் பின்பக்கம் சணல் சாக்கு போன்ற நெசவு தெரியும். வைனலில் வழுவழுப்பாகவோ பஞ்சு போன்ற நுரையாகவோ வேறு துணியாகவோ இருக்கும். ஓரத்தைப் புதிதாக வெட்டிப் பாருங்கள்: லினோலியத்தின் வெட்டுமுகம் மேலிருந்து கீழ்வரை ஒரே நிறத்தில், பொடிப் பொடியாக, தக்கைத் துகளோடு தெரியும். வைனலில் மேலே கண்ணாடி போன்ற ஒரு படலம், அதன் கீழே அச்சிட்ட பூ டிசைன், அதற்கும் கீழே நுரை என்று அடுக்கடுக்காக இருக்கும். முகர்ந்தால் லினோலியத்தில் எண்ணெய் வர்ணத்தின் வாசனை வரும், வைனலில் புதுப் பிளாஸ்டிக்கின் வாசனை. சிலர் ஓரத்தைக் கொளுத்திப் பார்க்கச் சொல்வார்கள், அதை மட்டும் செய்யாதீர்கள். பீ.வீ.சீ. எரிந்தால் ஐதரசன் குளோரைட்டு வெளியேறும், மூக்கையும் தொண்டையையும் அரிக்கும். பழைய வீடுகளில் பெயர்த்தெடுத்த விரிப்பையோ தரை ஓட்டையோ கொண்டுவந்து செதுக்குவதும் வேண்டாம். பல பத்தாண்டுகளுக்கு முந்திய வைனல் ஓடுகளிலும் விரிப்பின் அடிப்பக்கத்திலும் சில தயாரிப்புகளில் கல்நார் (அஸ்பெஸ்டஸ்) இருந்தது. எது எதில் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை.

நுரை வைனலில் ஏன் அச்சு வராது? உளி மேல்தோலைக் கிழிக்கும், நுரை அமுங்கி விலகும், ஆகவே கோட்டின் விளிம்பு கூராக நிற்காது. அச்சடிக்க அழுத்தும்போதும் அதே நுரை அமுங்கி, வெட்டிய பள்ளத்தில் உள்ள மையும் தாளில் ஒட்டிவிடும். வைனலாகவே வேண்டுமென்றால் அச்சுக்கென்று செய்யப்பட்ட, நுரை இல்லாத, இரண்டு பக்கமும் ஒரே தன்மையான வைனல் தகடு இருக்கிறது. வெட்ட மிக இலகு, சிறு பிள்ளைகளுக்கு நல்லது. ஆனால் மிக நுண்ணிய கோடுகளை அது லினோலியம் அளவுக்குத் தாங்காது. அதுவும் கிடைக்காவிட்டால் தடித்த இறப்பர் தகடு, அதற்கும் அடுத்தபடியாக, மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டீ.எஃப். பலகை. பின்னது உளியைக் கெதியாக மழுக்கும். கலைப்பொருள் கடையில் வாங்கும்போது 3.2 மில்லிமீற்றர் தடிப்பு, சணல் பின்பக்கம், பூ டிசைன் இல்லாத ஒரே நிறம் ஆகிய மூன்றையும் பார்த்து வாங்குங்கள். மகளின் வேலைக்கு ஏ5 அளவுத் துண்டு தாராளம். முதல் தடவையே ஏ3 எடுத்தால் பாதியில் கை ஓய்ந்துவிடும்.

பழைய சரக்கு பற்றியும் ஒரு வார்த்தை. எண்ணெய் கெட்டியாவது தொழிற்சாலையோடு நின்றுவிடுவதில்லை, கடையின் தட்டில் கிடக்கும்போதும் நடந்துகொண்டே இருக்கிறது. சில வருடம் போனால் லினோ இறுகி, வெட்டும்போது சீவலாகச் சுருண்டு வராமல் தூளாக உதிரும். கடையிலேயே ஒரு மூலையை மெதுவாக வளைத்துப் பாருங்கள். கொஞ்சம் வளைந்து கொடுத்தால் நல்லது, மேற்பரப்பில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் திரும்பக் கொடுத்துவிடுங்கள். குளிர்நாட்டுப் புத்தகங்களில் லினோவைச் சூடாக்கி வெட்டு என்று எழுதியிருக்கும். கொழும்பு வெக்கையில் அதற்குத் தேவை இல்லை, ஏசி அறையில் உட்கார்ந்து வெட்டினால் மட்டும் சற்று இறுக்கமாக இருக்கும். அப்போது ஐந்து நிமிடம் வெயிலில் வைத்தால் போதும். அளவுக்கு மீறிச் சூடானால் பிசுபிசுத்து உளியின் பின்னால் இழுபடும், நுண்ணிய வேலைக்கு ஆகாது.

மேற்பரப்பில் ஒரு மெல்லிய பளபளப்பு இருந்தால் 400 இலக்க நீர்க்கடதாசியால் ஒரு தடவை தேய்த்து ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். மை சீராகப் பிடிக்கும், பென்சில் கோடும் தெரியும். படத்தை மாற்றுவதற்கு நம்பகமான வழி, ட்ரேசிங் தாளில் 4பி பென்சிலால் வரைந்து, வரைந்த பக்கம் லினோவைத் தொடும்படி கவிழ்த்து வைத்து முதுகைத் தேய்ப்பது. படம் தானாகவே இடவலம் மாறிவிடும், அச்சில் மறுபடி மாறி நேராக வரும். கார்பன் தாள் வைத்து மேலே வரைந்தால் இது நடக்காது, ட்ரேசிங் தாளை முதலே கவிழ்த்தாக வேண்டும். தமிழ் எழுத்து இருந்தால் இங்கேதான் அதிகம் பிழைக்கும். ப போன்ற எழுத்துகள் கவிழ்ந்தாலும் சட்டென்று கண்ணில் படாது. கொம்பும் காலும் இடம் மாறி நின்றால்தான் தெரியவரும், அதற்குள் வெட்டி முடித்திருப்பார்கள். வெட்டத் தொடங்குமுன் லினோவைக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்து ஒருமுறை வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெட்டுவதற்கு இரண்டு அலகு போதும்: வீ வடிவ அலகு ஒன்று, நான்கு அல்லது ஐந்து மில்லிமீற்றர் யூ வடிவ அலகு ஒன்று. மரப்பிடி போட்டு ஆறாக ஒரு பெட்டியில் விற்கும் மலிவான செட்டுகளின் குறை வடிவத்தில் இல்லை, கூரில்தான். வாங்கிய அன்றே தீட்ட வேண்டும். 1000 இலக்க நீர்க்கடதாசியைக் கண்ணாடியில் ஒட்டி, வெளிப்பக்கச் சரிவை மட்டும் தேய்த்து, பழைய தோல் பட்டியில் உலோகம் மினுக்கும் பசை பூசி அதில் பின்னோக்கி இழுங்கள். வீ அலகின் இரண்டு சிறகையும் ஒரே அளவு தேய்க்க வேண்டும். ஒன்று கூடினால் நுனியில் ஒரு கொக்கி நின்றுவிடும், அது கோட்டின் அடியைக் கிழித்துக்கொண்டு போகும். வெட்டும்போதும் கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை தோலில் இழுத்துக்கொள்ளுங்கள், லினோவிலுள்ள சுண்ணாம்புக்கல் பொடி கூரை விடாமல் தின்னும். மழுங்கிய உளிக்குத்தான் பலம் கொடுக்க வேண்டி வரும், பலம் கொடுத்தால்தான் வழுக்கும். வழுக்கினால் எங்கே போகும் என்று யோசித்து, துண்டைப் பிடிக்கும் கை எப்போதும் உளியின் முனைக்குப் பின்னால் இருக்கட்டும். ஒரு பலகையின் மேலோரத்தில் ஒரு சட்டத்தையும் கீழோரத்தில் அடிப்பக்கமாக இன்னொன்றையும் ஆணியடித்தால், பலகை மேசை விளிம்பில் கொளுவி நிற்கும், லினோ மேற்சட்டத்தில் முட்டி நிற்கும். பிடிக்கவே தேவையில்லை.

ஆழம் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீற்றர் போதும். சணல் தெரிகிறது என்றால் மிஞ்சிப் போய்விட்டது. அகலமான வெள்ளைப் பகுதிகளை மட்டும் இன்னும் கொஞ்சம் ஆழமாக எடுக்கலாம், இல்லாவிட்டால் ரோலர் அங்கே இறங்கி முகடுகளில் மை பூசும். அப்படி விழும் கீற்றுகளைச் சிலர் விரும்பியே விட்டுவைப்பார்கள், அது ருசி சார்ந்தது. வளைவுகளில் உளியைத் திருப்பாமல் லினோவைத் திருப்புங்கள். கோட்டின் பக்கச் சுவர் வெளிநோக்கிச் சரிய வேண்டும். செங்குத்தாகவோ உள்நோக்கிக் குடைந்தோ வெட்டினால் மெல்லிய கோடு அடித்தளம் இல்லாமல் அச்சடிக்கும்போது உடையும். மெய்யெழுத்தின் புள்ளியில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். எழுத்து கறுப்பாக வர வேண்டுமென்றால் புள்ளி தனித்து நிற்கும் ஒரு சிறு மேடு. அதைச் சுற்றி வீ அலகை நேராக இறக்கி வட்டமடித்தால் மூன்றாம் நான்காம் அச்சில் புள்ளி பிய்ந்து ரோலரோடு போய்விடும், ‘கல்’ ‘கல’ ஆகிவிடும். உளியைப் புள்ளியிலிருந்து வெளியே சாய்த்து, எட்டுத் திசையில் சிறு சிறு வெட்டாக எடுத்து, மேலே இரண்டு மில்லிமீற்றரும் அடியில் நான்கு மில்லிமீற்றரும் உள்ள கூம்பாக விட்டால் நிற்கும். எழுத்தை வெள்ளையாக விட்டால் இந்தத் தொல்லையே இல்லை, புள்ளிக்கு உளி நுனியை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் முடிந்தது. முதல் முயற்சிக்கு வெள்ளை எழுத்தையே சொல்வேன்.

போஸ்டர் கலர் திரண்டது வைனலால் மட்டும் அல்ல. நல்ல லினோவிலும் அது சரியாக நிற்காது, ஏனென்றால் அதற்கு ஒட்டும் பிடிமானம் குறைவு, கொழும்புக் காற்றில் மின்விசிறிக்குக் கீழே இரண்டு நிமிடத்தில் காய்ந்தும் விடும். அச்சுக்கென்று விற்கும், நீரில் கரையும் மை இருக்கிறது. பாடசாலைக்குக் கழுவ வசதி, ஆனால் மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்ய வேண்டும், ஒன்றிரண்டு துளி கிளிசரின் சேர்த்தால் இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். வடிவான கறுப்பு வேண்டுமென்றால் எண்ணெய் மைதான். கலைஞர்களுக்கான டியூப் கிடைக்காவிட்டால் புறக்கோட்டை, மருதானைப் பக்கத்துச் சிறு அச்சகம் ஒன்றில் ஓஃப்செட் மை கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். பத்திரிகை அச்சிடும் மை வேண்டாம். அது தாளுக்குள் ஊறிக் காய்வதற்கென்று செய்தது, நல்ல தாளில் மாதக்கணக்கில் கையில் ஒட்டும். புற ஊதா விளக்கில் காய்கிற மையும் வேண்டாம், விளக்கு இல்லாமல் அது காயவே காயாது. ஓஃப்செட் மை இங்கே வெயில் நேரத்தில் நெகிழ்ந்து நுண்கோடுகளுக்குள் இறங்கும், ஆகவே மக்னீசியம் காபனேற்றுப் பொடியோ நன்றாக அரித்த சோக்குப் பொடியோ சிறிது சிறிதாகச் சேர்த்து, கத்தியில் எடுத்தால் ஒழுகாமல் தடித்து விழும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். காலையில் அச்சடித்தால் இந்தக் கரைச்சல் பாதி குறையும்.

ஒரு தேக்கரண்டி மையைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, நான்கு அங்குல இறப்பர் ரோலரால் குறுக்கும் நெடுக்கும் உருட்டுங்கள். ஒவ்வொரு உருட்டின் முடிவிலும் ரோலரைத் தூக்கி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் ஒரே பக்கம் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் படும். மை தடித்திருந்தால் சளக் சளக் என்று ஈரச் சத்தம் வரும், மேற்பரப்பு தோடம்பழத் தோல் போலக் குழி குழியாக இருக்கும். சரியான பதத்தில் அந்தச் சத்தம் ஓய்ந்து ஒரே சீரான சீறலாக மாறும், குழிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுக்கும். இந்த விஷயத்தில் காது கண்ணை விட நம்பகமானது. பிறகு லினோவில் மூன்று நான்கு மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றும் வேறு திசையில். ஒரே தடித்த பூச்சு கோட்டை அடைக்கும். முதல் இரண்டு அச்சும் மங்கலாகத்தான் வரும், லினோ மையைப் பிடித்துக்கொள்ளும் வரை அப்படித்தான். அதைப் பார்த்துவிட்டு மையை அள்ளிப் பூசுவது எல்லாரும் செய்யும் வேலை, மூன்றாவது அச்சில் அதன் பலன் தெரியும்.

கையால் அச்சடிக்கத் தாள் மெல்லியதாகவும் வழுவழுப்பாகவும் இருக்க வேண்டும். பரிசோதனைக்கு 80 கிராம் போட்டோகொப்பித் தாள் போதும், நல்ல பிரதிக்கு யப்பானிய நார்த்தாள் சிறந்தது. கேகாலைப் பக்கம் செய்யும் யானை இலத்தித் தாள் பார்க்க அழகு, ஆனால் மேடுபள்ளம் அதிகம். காய்ந்தபடி வைத்தால் கறுப்பில் வெள்ளைப் பொட்டுப் பொட்டாக விழும். அத்தகைய தடித்த தாளை ஈரப் பஞ்சால் துடைத்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் பொலித்தீன் பையில் ஓர் இரவு வைத்துவிட்டு அச்சடியுங்கள். இரண்டு நாளுக்கு மேல் வைத்தால் எங்கள் காலநிலையில் பூஞ்சணம் பிடிக்கும். யந்திரம் வேண்டியதில்லை. சமையலறையில் உள்ள சிரட்டை அகப்பையின் முதுகு இதற்கென்றே செய்தது போல இருக்கும், சொரசொரப்பு இல்லாமல் மினுக்கியதாக ஒன்றை எடுங்கள். தாளின் மேல் எண்ணெய் ஒட்டாத பேக்கிங் தாள் ஒன்றை வைத்து, சிறு வட்டங்களாக ஓரத்திலிருந்து ஓரத்துக்குத் தேய்க்க வேண்டும். ஏ5 துண்டுக்கு ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் எடுக்கும். ஒரு கையால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு மூலையைத் தூக்கிப் பாருங்கள். வெளிறிய இடம் இருந்தால் மூலையைத் திரும்பப் படுக்க வைத்து அங்கே மட்டும் தேய்க்கலாம், தாள் அசையாதவரை எத்தனை தடவையும் பார்க்கலாம். உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி எங்கும் இருந்தால் மை குறைவு அல்லது அழுத்தம் குறைவு. கோடுகள் தூர்ந்து விளிம்பில் கறுப்பு வளையம் தெரிந்தால் மை கூட. ஒரே இடத்தில் ஒவ்வொரு பிரதியிலும் அதே வெள்ளைப் பொட்டு வந்தால் அங்கே ஒரு துகள் ஒட்டியிருக்கிறது, ஊசி முனையால் எடுத்துவிடுங்கள்.

மகள் ஒன்றுக்கு மேற்பட்ட நிறம் கேட்பாள் என்று நினைக்கிறேன். நிறத்துக்கு ஒரு லினோ வெட்டுவது ஒரு வழி. 1920களில் இலண்டன் க்ரோவ்னர் கலைப் பள்ளியில் கிளோட் ஃப்ளைட் கற்பித்தது இதுதான், தனிக் கறுப்பு வரைகோட்டுத் தகடு இல்லாமல் மூன்று நான்கு நிறங்களின் மேற்படிவிலேயே படத்தைக் கட்டுவார். மற்றது ஒரே லினோவைப் படிப்படியாக வெட்டிக்கொண்டே வெளிர் நிறத்திலிருந்து கடும் நிறத்துக்குப் போவது. 1950களின் இறுதியில் தென்பிரான்சின் வல்லோரிஸில் இதாள்கோ ஆர்னேரா என்ற அச்சுக்காரரோடு சேர்ந்து பிக்காசோ இதைப் பெரிதாகச் செய்தார். அவர்தான் கண்டுபிடித்தார் என்பது அடிக்கடி கேட்கும் கூற்று, அதை நான் ஏற்கமாட்டேன். முறை அவருக்கு முன்பே புழக்கத்தில் இருந்தது, பெயர்தான் அவரால் பரவியது. லினோ அச்சுக் கலையை ஜேர்மனியில் 1905இல் தொடங்கிய ‘பாலம்’ என்ற ஓவியர் குழுவினர் ஆரம்பித்தார்கள் என்பதையும் அதே கவனத்தோடு எடுங்கள். அதற்கு முன்பே சுவர்த்தாள் அச்சிட லினோலியத் தகடுகள் பயன்பட்டன, கலையாக மதிக்கப்பட்டது இவர்கள் காலத்தில். மகளுக்குக் காட்ட ஒரு படம் வேண்டுமென்றால் இவர்களை விட நந்தலால் போஸ் 1930இல் வெட்டிய, கோலூன்றி நடக்கும் காந்தியைக் காட்டுங்கள். கறுப்புத் தகட்டில் வெள்ளைக் கோடு மட்டும், நான் மேலே சொன்ன வெள்ளை எழுத்தின் அதே முறை. ஒவ்வொரு வெட்டும் எண்ணக்கூடிய அளவுக்குத் தெளிவாகத் தெரியும்.

ஒரே லினோ முறையில் பின்னால் திரும்ப முடியாது, வெட்டியது வெட்டியதுதான். 15 நல்ல பிரதி வேண்டுமென்றால் முதல் நிறத்தை 20 தாளிலாவது அடித்துவிடுங்கள், இடையில் நாலைந்து கெடும். தாள் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் விழுவதற்கு, லினோவின் தடிப்பேயுள்ள அட்டையை எல் வடிவில் பலகையில் ஒட்டி, லினோவுக்கு ஒரு மூலையும் தாளுக்கு ஒரு மூலையும் அமைத்தால் போதும். அடுத்த நிறத்துக்கு முன் முந்தையது தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய வேண்டும். எண்ணெய் மை நீர் ஆவியாகிக் காய்வதில்லை, வோல்டனின் டின்னில் படிந்த தோல் போலவே ஒட்சிசனை வாங்கித்தான் காயும். ஆகவே வெயிலை விடக் காற்றோட்டம் முக்கியம். கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் மெல்லிய பூச்சு மூன்று நாலு நாளில் காயும், மழைக்காலத்தில் ஒரு வாரம் தாண்டும். பாடசாலையில் கொடுக்கும் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். இரண்டு வாரத்துக்குக் குறைவாக இருந்தால் ஒரே நிறத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் புத்தி.

கழுவும்போது தண்ணீரை முதலில் எடுக்காதீர்கள். சமையல் எண்ணெய் கொஞ்சம் ஊற்றி மையைக் கரைத்துத் துணியால் வழித்து, பிறகு சவர்க்கார நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் இதற்கு நல்லது, ஆனால் அது காயாத எண்ணெய். லினோவிலோ ரோலரிலோ மிச்சம் நின்றால் அடுத்த தடவை மையும் காயாது. தின்னர் இறப்பர் ரோலரை வீங்க வைக்கும். லினோவைத் தண்ணீரில் ஊறப் போட்டால் சணல் சுருங்கிப் பலகை வளையும். கோஸ்டிக் சோடா கலந்த கடும் துப்புரவு நீர் பக்கமே போக வேண்டாம். காரம் பட்டால் எண்ணெய் சவர்க்காரமாகிவிடும், லினோ அரிந்து போகும். இதையே வேண்டுமென்று செய்து மேற்பரப்பை அரித்து அச்சடிக்கும் ஒரு முறையும் இருக்கிறது, கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடக்கூடாதது, பாடசாலை வேலைக்கு உரியதல்ல.

மை துடைத்த துணிகளைப் பந்தாகச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடுவது ஆபத்து. ஆளி எண்ணெய் ஒட்சிசனை வாங்கும்போது வெப்பம் வெளியேறும், சுருட்டிய துணிக்குள் அது சேர்ந்து சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும் அளவுக்குப் போகலாம். வெளியே ஒவ்வொன்றாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள டின்னில் போட்டு அப்படியே அப்புறப்படுத்துங்கள். மிஞ்சிய மையின் மேல் மெழுகுத் தாளைக் காற்று இல்லாமல் அழுத்தி மூடினால் தோல் படியாது. மிஞ்சிய லினோவைச் செய்தித்தாளில் சுற்றித் தட்டையாக, அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள். சுருட்டித்தான் ஆக வேண்டுமென்றால் சணல் உட்பக்கம் வரட்டும். இருட்டில் கிடந்து மஞ்சள் பாரித்திருந்தால் பயப்படத் தேவையில்லை, வெளிச்சத்தில் சில நாள் வைத்தால் அது போய்விடும். வாங்கிய மாதத்தைப் பின்பக்கத்தில் எழுதிவைத்தால் அடுத்த முறை எது பழையது என்று வளைத்துப் பார்க்க வேண்டி வராது.